தண்ணீருக்குள் கேட்ட பேச்சு

தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்கக் காகிதங்களைப் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் காமிக்ஸ் வரைவேன். போன வருஷம் ஒரு சங்குகுளிக்காரனின் கதையைத் தொடங்கினேன். கடலடியில் மூச்சு முட்டி, செத்துப் பிழைத்தவன் அவன். அதற்குப் பிறகு கரையில் இருக்கும்போதும் பயம் அவனை விடவில்லை. அதைக் காட்ட அவன் விழிகளைப் பெரிதாக்கினேன், வியர்வையைச் சொட்டவிட்டேன், தலைக்கு மேல் ஒரு கருமேகமும் வைத்தேன்.

மனைவி உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க, இவனுக்கு வயித்து வலியா?" என்றாள்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. சாப்பிடும்போதும் அந்தப் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் பேசுதது காதுல விழுதா, இல்லையா?" என்று அவள் தட்டைத் தட்டினாள். அவள் வாய் அசைந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை.

கையைக் கழுவிவிட்டு மேசைக்கு ஓடினேன். வியர்வையையும் மேகத்தையும் அழித்தேன். அவனை டீக்கடையில் நண்பர்களுக்கு நடுவே, கையில் டீ கிளாஸோடு, சாதாரணமாக உட்காரவைத்தேன். நண்பர்களின் பேச்சுக் குமிழிகளில் கட்டத்துக்குக் கட்டம் எழுத்துகளைக் குறைத்தேன். கடைசிக் கட்டத்தில் எழுத்தே இல்லை. எல்லாம் மேலே மிதந்து போகும் நீர்க்குமிழிகள்.

மறுநாள் அதைப் பார்த்த மனைவி சிரிக்கவில்லை. "பாவம், இவன் இன்னும் தண்ணிக்குள்ளயேல்லா கெடக்கான்" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"கரையேறுவானா?" என்று கேட்டாள்.

அதுவரை நான் முடிவு செய்திருக்கவில்லை. "ஏறுவான்" என்றேன்.

"அப்ப சீக்கிரம் ஏத்துங்க. அவன் டீ ஆறிரும்லா."