ஊரில் இருக்கும் என் கையெழுத்து

"…அப்பா நிஜமாப் போட்ட கையெழுத்தை வாங்கிட்டு வாம்மான்னு ஆபீஸ் சார் திருப்பிக் குடுத்துட்டாரு வாப்பா," என்றாள் மகள். கல்லூரி அலுவலக ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றபடி வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடையில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். ஊரில் மூன்றரை. நான்கு மணிக்கு அந்த ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

விஷயம் சின்னதுதான். தேர்தலுக்குக் கல்லூரிப் பிள்ளைகளைத் தொண்டு வேலைக்கு எடுக்கிறார்கள். வாக்குச்சாவடி வாசலில் நின்று, நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஓட்டுப் போடும் நாள் எல்லோருக்கும் விடுமுறை. அதற்கு முந்திய இரண்டு நாள் பயிற்சிக்கு வகுப்பை விட்டுப் போகவேண்டும். தகப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த இரண்டு நாளும் 'ஆன் டூட்டி', வகுப்பில் இருந்ததாகவே எழுதிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அவளை அனுப்பமாட்டார்கள். மஞ்சள்காமாலையில் ஒரு மாதம் படுக்கையில் கிடந்தவள் அவள். எழுந்து உட்கார்ந்தபின் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியமே இந்தத் தேர்தல் வேலைதான்.

அவளுக்கு ஒதுக்கியிருந்தது என் பெயர் இருக்கிற வாக்குச்சாவடி. நான் இங்கே வந்த பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. தேர்தல் வரும்போது லீவு இருக்காது, லீவில் போகும்போது தேர்தல் முடிந்து சுவரொட்டி கிழிந்திருக்கும். "உங்க பேரைச் சொல்லிக்கிட்டு எவனாச்சும் ஓட்டுப் போட வந்தா பிடிச்சுக் குடுத்துருவேன் வாப்பா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையிலிருந்து கல்லூரி அட்மிஷன் வரை என் பெயரில் கையெழுத்துப் போட்டு வந்தது என் மனைவிதான். ஒவ்வொரு காகிதமும் கடல் தாண்டிப் போய் வர முடியுமா, நீயே போட்டுவிடு என்று ஆரம்பத்தில் சொன்னவன் நானே. ஆனால் தேர்தல் படிவத்தைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள். கவர்மென்ட் காகிதம், நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஒரே பிடியாக நின்றாள். "மனுசன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் எதுக்குப் போடணும்? அவுகளே போடட்டும்."

அப்படித்தான் அந்தப் படிவம் வாட்ஸப்பில் எனக்கு வந்தது. ஷார்ஜாவின் முவைலா பகுதியில் எங்கள் அறைக்குக் கீழே இருக்கும் டைப்பிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். அன்று எனக்கு மட்டும் வார லீவு, மற்றவர்கள் டூட்டிக்குப் போயிருந்தார்கள். மேசை கிடையாது. சூட்கேஸைக் கட்டில்மேல் போட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்தேன். மகளுடைய காகிதம் ஒன்றில் நானே கையெழுத்துப் போடுவது அதுதான் முதல் தடவை. போட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். யாராவது இருந்திருந்தால் காட்டியிருப்பேன். மின்விசிறிக் காற்றில் ஆடிய அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். மகள் அதை அங்கே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

எங்கள் அறையில் ஒரு நாகூர்க்காரர் உண்டு. நல்ல பேச்சு பேசுவார். "நாம இங்க கெடக்குறோம், நம்ம பேரு மட்டும் ஊர்ல நடமாடிக்கிட்டுத் திரியுது பாய்" என்பார். பேச்சோடு பேச்சாக அவர் எறிந்த வார்த்தையை நான் மனசில் எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு அது ஒரு பழக்கம்.

நான் போட்டதுதான் இப்போது பொய் என்று திரும்பி வந்திருக்கிறது. அலுவலகத்தார்மேல் குற்றமில்லை, அட்மிஷன் படிவத்தில் இருப்பதோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். தினமும் டெலிவரி ரசீதுகளில் போட்டுப் போட்டு என் கையெழுத்து தேய்ந்து ஒரு கோடும் ஒரு புள்ளியுமாக ஆகிவிட்டது. மனைவி போடுவது நான் நிக்காஹ் புத்தகத்தில் போட்ட கையெழுத்து. பெயர் முழுசாக, கீழே ஒரு சுழியோடு. என்னிடம் இல்லாமல் போனதை அவள் அப்படியே வைத்திருக்கிறாள்.

"இதுதான் வாப்பா போட்டதுன்னு சார்கிட்ட சொல்லேம்மா," என்றேன்.

"சொன்னா, அப்ப அட்மிஷன்ல இருக்குறது யாரு போட்டதுன்னு கேப்பாரு. உம்மா மாட்டிக்கும்."

உம்மாவைக் கெஞ்சிப் பார் என்றேன். வீட்டுக்குப் போய் வர நேரமில்லை, போனாலும் உம்மா பேனாவைத் தொடாது என்றாள். பின்னால் பிள்ளைகள் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். கடையில் யாரோ பிரேக் ஷூ கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"விட்டுரும்மா, கலாஸ், முடிஞ்சுது. அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம்."

அடுத்த தேர்தலுக்குள் அவள் படிப்பு முடிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பையிலிருந்து கையெழுத்து மட்டும் போடாத இன்னொரு படிவத்தை எடுத்து முழங்கால்மேல் நோட்டில் வைத்தாள். பேனா மூடியைப் பல்லால் இழுத்துக் கழற்றி, என் கையெழுத்தை ஒரே இழுப்பில், பெயர் முழுசாக, கீழே சுழியோடு போட்டாள். பிறகு எழுந்து, போனை எடுக்காமலேயே ஜன்னலைப் பார்த்து ஓடினாள்.