சாய்த்து வைத்த மைப்புட்டி

சட்டைப் பொத்தானைச் சித்திரையில் வென்றான் திருநாவுக்கரசு. வேட்டி முடிச்சை ஆடியில். சூரை மீனின் முள்ளை ஐப்பசியில். பக்கவாதம் வலது கையை முடக்கிய பிறகு இடது கை வாங்கிய மெடல்கள் இவை என்பாள் அக்கா ஒச்சம்மா. இப்போது மைப்புட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.

குட்டையான, அகலமான புட்டி. வாய் மட்டும் சின்னது. மை பாதிக்குக் கீழே போனால் நிப்புக்கு எட்டாது. அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிய காலத்தில், ஒரு கையால் புட்டியைச் சாய்த்து மறு கையால் பேனாவை நிரப்புவான். கப்பல் வந்த காலைகளில் உடன் வேலை பார்த்தவர்களின் பேனாக்களும் அவன் மேசைக்கு வந்துவிடும். முதலில் புட்டியை முகர்வான். "மெயின்லேண்ட் வாசம்க்கா" என்பான். மின்னி பே பகுதியில் இருந்த வீட்டுக்கு நீல விரல்களோடு வந்து அப்படியே சோற்றில் கை வைப்பான், ஒச்சம்மா கத்துவாள். இன்று அந்த விரல்கள் சுத்தமாக இருக்கின்றன. அவளுக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

போன வாரம் பென்ஷனுக்காக வங்கிக்குப் போனபோது, பழைய கையெழுத்து வராததைப் பார்த்து அங்கிருந்த பெண் ஸ்டாம்ப் பேடை நகர்த்திக் கைநாட்டு வைக்கச் சொன்னாள். "அங்கூட்டா லகா தீஜியே, அங்கிள்."

"அங்கூட்டா நஹீ. சைன் கரேகா" என்று எழுந்து வந்துவிட்டான். அவர்களுடைய அப்பா கடைசிவரை கைநாட்டு. பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்தே காலம் தள்ளியவர். மகனுக்கு இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

"பால்பாயிண்ட்ல போட்டுத் தொலையேன்டா" என்றாள் ஒச்சம்மா, இப்போது அவன் புட்டியோடு படும் பாட்டைப் பார்த்து.

"அத அழுத்தணும்க்கா. இந்தக் கைக்கு அம்புட்டு பலம் இல்ல. மைப் பேனான்னா தானா ஓடும்."

முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பார்த்தான். புட்டி வழுக்கி மை சிந்தியது.

"அந்தமான் கடல் பூராவும் உன் லுங்கியிலதான்டா இருக்கு! குடு, நான் ஊத்தித் தர்றேன்."

"நீ ஊத்துனா அது உன் கையெழுத்து. நீ சும்மா இரு, அக்கா." சற்று யோசித்தான். "கண்ணாடிச் சாமானெல்லாம் கப்பல்ல எப்படி ஆடாம வந்துச்சு? வைக்கோலுக்குள்ள பொதிஞ்சுதான? ஒரு கிண்ணம் அரிசி கொண்டா."

அரிசிக்குள் புட்டியைச் சாய்த்துப் புதைத்தான். அசையவில்லை. மிச்ச மை ஒரு மூலையில் கூடியது. பேனாவைப் பல்லால் கடித்துத் திருகிக் கழற்றினான். நிப்பை மைக்குள் இறக்கி, ரப்பர்க் குழாயைப் பெருவிரலால் அமுக்கி விட்டான். குபுக்கென்று ஒரு குமிழி. குழாய் குடித்துவிட்டது. ஒச்சம்மா மூச்சு விட்டாள்.

வங்கியில் அதே பெண். அவன் ஸ்டாம்ப் பேடை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதத் தொடங்கினான். எழுத்துகள் மேடேறிப் போயின, ஒன்றும் விடுபடவில்லை.

"நாம் பஹுத் லம்பா ஹை, அங்கிள்" என்று பெயரின் நீளத்தைப் பார்த்து வியந்தாள் அவள்.

"மேரா ஹீ ஹை." தன்னுடையதுதான் என்றான்.

கணக்கு எழுதிய பழக்கத்தில் கீழே தேதியும் போட்டான். பிறகு மை அப்பியிருந்த இடது பெருவிரலை அப்பாவைப் போலவே தலைமுடியில் துடைத்துக்கொண்டான். ஒச்சம்மா குனிந்து, புது மெடலின் தேதியை வாய்விட்டுப் படித்தாள்: 19-11-2024.