கடைசிப் பக்கத்துப் புகார்கள்

அலுவலகத்தில் அக்காவுக்கு வைத்த பெயர் புகார் அக்கா. குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கலாக வருகிறது என்று ஊரே வந்து அவளிடம் கத்திவிட்டுப் போகும். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். எண் போட்டு எழுதிக்கொள்வாள். அந்தப் பழக்கம் அவள் படிக்கிற நாவல்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஒவ்வொன்றையும் முடித்த கையோடு கடைசிப் பக்கத்தில் பென்சிலால் புகார் எழுதி வைப்பாள்.

சரித்திர நாவல் என்றால் அவளுக்கு உயிர். அதனாலேயே அதற்குப் புகாரும் அதிகம். "1. அரசகுமாரி மூன்று பகல் மூன்று இரவு குதிரையில் வருகிறாள். ஒரு தடவைகூட ஒதுங்கவில்லை. 2. தளபதிக்கு மார்பில் ஏழு காயம். அடுத்த அத்தியாயத்தில் மாடிப்படி ஏறுகிறான்." இந்தக் காலத்து நாவல்களையோ கழுவிக் கழுவி ஊற்றுவாள். "காபி ஆறிப்போறதுக்கு நாலு பக்கம். இவங்களுக்கெல்லாம் வேலைக்குப் போக நேரமே ஆகாதா?" என்பாள்.

பிறகு அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் டயாலிசிஸ். இடது கையில் ஊசியைக் குத்தி இயந்திரத்தோடு சேர்த்துவிட்டால் அந்தக் கையை அசைக்கக்கூடாது. நாள் முழுக்க மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கவும் கூடாது. "இதுக்கு எந்த ஜன்னல்ல போய் எழுதிக் குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். ஒரு நாவலில், போரில் தோற்று ஓடிவரும் ராஜா குளத்தில் குனிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறான். "அந்தப் பக்கத்த மட்டும் நாலு தடவ படிச்சேன்டி" என்றாள். அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு புகார்தான் எழுதினாள், அதுவும் அட்டைப் படத்தைப் பற்றி.

ஒற்றைக் கையால் எண்ணூறு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அதனால் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிவருவதை வீட்டிலேயே பிளேடால் அறுத்து, ஆறு கட்டாகப் பிரித்து, ஊசி நூலால் தைத்துக் கொண்டுபோவேன்.

"இந்தக் காலத்து நாவலுக்கு இது ஒண்ணுதான் நல்ல குணம். ஒல்லியா இருக்கு, அறுக்க வேண்டாம்" என்றாள் அக்கா.

அவளுடன் பிறந்தவள் நான் ஒருத்திதான். என் சிறுநீரகம் ஒன்றை அவளுக்கு வைக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "உன் இஷ்டம். நமக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அத மட்டும் யோசிச்சுக்கோ" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். அந்த மனுஷன் சொல்லவில்லை. பயம் முழுக்க என்னுடையது. படுத்தால் விலாவுக்குக் கீழே கத்தி இறங்குவது போலவே இருந்தது.

டாக்டரிடம் போய், என்னால் முடியாது என்றேன். அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அக்காவிடம் நானே சொன்னேன்.

"எனக்கு பிரஷர் ஜாஸ்தியாம்க்கா. எடுக்க முடியாதுன்னுட்டாங்க."

வாய் கூசவில்லை. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்படியா? மாத்திரைய ஒழுங்கா போடு" என்றாள். அப்புறம் இரண்டு வருஷம், ஒவ்வொரு தடவை போகும்போதும், மாத்திரை போட்டாயா என்று கேட்பாள். நானும் போட்டேன் என்பேன். வெட்கங்கெட்டவள் நான்.

போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்காவுக்கு ஊசி போட நல்ல ரத்தக்குழாய் மிச்சமில்லை, இதயமும் தளர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு மாதம் போனால் மாற்று ஆபரேஷனையே உடம்பு தாங்காது என்றார். "குடுக்கறவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். நானும் மேஜையைத்தான் பார்த்தேன்.

அந்த வாரம் கைக்கு அகப்பட்ட ஒரு ஒல்லி நாவலை, உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளத்தில் சிக்கிய அண்ணன் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான். மறுமுனை தம்பியின் கையில். தம்பி விட்டுவிடுகிறான். கயிறு அறுந்துபோச்சு என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் கிழவனாகும்வரை வாழ்கிறான். கதை அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டாள். எப்போதும்போலக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். எண் எதுவும் இல்லை. "புகார் ஏதும் இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தது.

"என்னக்கா, ஒண்ணுகூடக் கிடைக்கலையா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"சரித்திர நாவலா இருந்தா தம்பியும் கூடவே குதிச்சிருப்பான். ரெண்டு பேரும் கரையேறி இருப்பாங்க. இவன் சரியா எழுதியிருக்கான். தம்பி அப்படித்தான் செய்வான்."

நர்ஸ் வந்து இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா அண்ணனுக்குத் தெரியும்டி. அறுந்தா பாதிக் கயிறுதான் கூட வரும். விட்டா முழுசும் வரும். அத எழுத மறந்துட்டான். போகுது, அதுக்குப் போய் என்ன புகார்."

பிரஷர் எல்லாம் பொய்க்கா, எடுத்துக்கோ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதற்குப் பதிலாக, அன்றைக்கு அவள் பங்கில் மிச்சமிருந்த அரை டம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த தடவ பெரிய புக்கா கொண்டா. ராஜா ராணி கதையே. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

வாங்கினேன். தொள்ளாயிரம் பக்கம். முதல் அத்தியாயத்திலேயே ஒரு வீரன், முன்பின் தெரியாதவனுக்காக உயிரைக் கொடுத்துவிடுகிறான். இன்று காலை சமையலறை மேஜையில் போட்டு அதை ஆறு கட்டாக அறுத்தேன். புது பிளேடு. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அறுபட்டது புத்தகம்தானே.