மாப்பிள்ளையை இறக்கிவிட்ட வேணி டீச்சர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மகளோடு வந்திருந்த மாப்பிள்ளைதான் எடுத்தார். கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க அத்தை, அந்தக் காரு டீச்சர் தவறிட்டாங்களாம். கல்யாணத்தப்ப என்னை நடக்க வெச்சாங்களே, அவுங்கதானுங்களே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஸ்டூலை விட்டு இறங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கிருஷ்ணவேணி டீச்சர் நம் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் இயற்பியல் நடத்தியவர். நான், கோகிலா, அங்கே தமிழ். பழைய மாணவியர் மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டபோது இரண்டு முறை முடியாது என்றேன். எழுதினால் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும், அதற்குத் தைரியம் வரவில்லை. போத்தனூரில் அவர் வீட்டுக் கூடத்தில், மாலை போட வந்தவர்களே அந்தக் கல்யாணக் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்வலத்தில் வந்த மாப்பிள்ளையை, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், நடுரோட்டில் இறக்கிவிட்ட டீச்சர் என்ற கதை. அது என் மகள் கல்யாணம். அந்தக் கதையில் ஒரு இடம் தப்பு. தப்பை உண்டாக்கியவள் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காரைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. அவருடைய அப்பா யுத்தத்துக்கு முன் வாங்கிய இங்கிலீஷ் கார். கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் ஃபுட்போர்டு, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. அப்பா காலமான பின் தம்பிகள் நிலத்தைக் கேட்டார்களாம், இவர் காரைக் கேட்டாராம். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பள்ளியில் அவர் வாயில் தெலுங்கு வராது. வண்டி மக்கர் பண்ணினால் மட்டும் வரும், அதுவும் நல்ல தெலுங்காக இருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நாங்கள் குடிவந்தோம். முதல் நாளே, "பஸ்ஸுல எதுக்குங்க நசுங்கோணும், எங்கூட வாங்க அம்மணி" என்றார். அந்தக் காரை முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நானும் சுற்றுகிறேன் என்று ஆசைப்பட்டேன். என் கையைப் பிடித்து, கட்டை விரலை எடுத்து மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்தார். "சுத்திப் புடிக்காதீங்க. எஞ்சின் எதுத்து அடிச்சுதுன்னா கட்டை விரல் ஒடிஞ்சுபோகும்." நான் சிரித்தேன். இரண்டாவது சுற்றிலேயே கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்து என் கையை விட்டுத் துள்ளியது. உள்ளங்கை ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வண்டியின் பிரேக்கைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் வந்து நின்றது. இப்போதைய கார்களில் மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்கும். அதில் எண்ணெய் கிடையாது. இரும்புக் கம்பிகள்தான் இழுத்துப் பிடிக்கும். ஒரு கம்பி தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கி, கையால் சுழற்றி, காது கொடுத்துக் கேட்டு, கம்பியை முடுக்குவார். ஒருமுறை லேத் பட்டறையில் கடைந்து வந்த, பிரேக் கம்பியை மாட்டுகிற ஒரு பின்னை, மயிரிழை தடிமன் கூடுதல் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். பட்டறைக்காரர் நேரிலேயே வந்து, "டீச்சர், இது காருங்களா, கடிகாரமுங்களா?" என்று கேட்டார். "கடிகாரம் நின்னா யாரும் சாக மாட்டாங்க" என்று பதில் சொன்னார்.

இவ்வளவு செய்தும் அந்தப் பிரேக்கை அவர் நம்பவில்லை. முன்னால் போகிற வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவில் மூன்று மாட்டுவண்டி நிற்கிற இடம் விட்டுத்தான் ஓட்டுவார். பின்னால் டவுன்பஸ் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கும். டிரைவர்கள் தலையை நீட்டித் திட்டுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவமானமாகவும் இருக்கும். "கொஞ்சம் வெரசலாத்தான் போங்களேன் டீச்சர்" என்பேன். "திட்டட்டும் அம்மணி. திட்டு வாங்குனா உசுரு போகாது" என்பார். சரிவு வந்தால் முதலிலேயே கியரைக் குறைத்துவிடுவார். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அவர் சட்டம். பதினோரு வருஷம் அப்படிப் போய் வந்தோம். ஒரு சைக்கிளைக்கூட அவர் உரசியதில்லை.

என் மகளுக்குக் கல்யாணம் முடிவானபோது சம்பந்தி வீட்டார் அந்தக் காரைப் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியே வந்துரட்டுமுங்க" என்றார். டீச்சரிடம் போய்க் கேட்டேன். யோசித்தார். ஊர்வலத்துக்கு யார் கேட்டாலும் மறுக்கிறவர், எனக்காகச் சரி என்றார். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. அன்றே மூன்று நிபந்தனை சொன்னார். தன்னையும் சேர்த்து நாலு பேருக்கு மேல் ஏறக் கூடாது. முன்பக்கம் ரேடியேட்டரை மறைத்துப் பூ கட்டக் கூடாது, காற்றுப் புகாவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும். மூன்றாவது, மண்டபத்துக்கு முன்னால் ரயில்வே கேட்டை நோக்கி இறங்குகிற சரிவு இருக்கிறதே, அங்கே மேட்டிலேயே மாப்பிள்ளை உட்பட எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். "ஊர்வலத்துல சனம் பம்பரை ஒட்டித்தான் நடக்கும். எடம் உட முடியாது. ஆளுக கீழ போய்ச் சேந்தப்பறம் காலி வண்டியை நான் எறக்கிக்கறேன். இதை அவுங்ககிட்ட இப்பவே சொல்லிப்போடுங்க. அப்பறம் மனத்தாங்கல் வரக் கூடாது."

நான் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் போய், உங்கள் மாப்பிள்ளை பாதி வழியில் இறங்கி நடக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சின்னக் காரணத்துக்கெல்லாம் நின்றுபோன கல்யாணங்களைப் பார்த்திருந்தேன். அன்றைக்கு டீச்சரே மனசு மாறிவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும், "சொல்லிப்போட்டேனுங்க டீச்சர்" என்றேன்.

ஊர்வலம் கிளம்பும்போதே காரின் முன்பக்கம் முழுக்கச் சம்பங்கிப் பூ. ஃபுட்போர்டில் பையன்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். நாதஸ்வரத்தின் நடைக்குத் தக்கபடி வண்டி ஊர்ந்தது. சரிவின் உச்சியில், வெயில் தாழ்கிற நேரத்தில், ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி வரத் தொடங்கியது. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தானே இறங்கி வந்து சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டார். கீழே பம்பருக்கு ஒரு முழம் தள்ளி தட்டு ஏந்திய பெண்கள், அதற்கும் முன்னால் மேளக்காரர்கள், அதற்கும் கீழே மூடிய கேட்.

"மாப்பிள்ளைங்க, இங்க எறங்கிக்கோணுமுங்க. எல்லாரும் எறங்கிருங்க" என்றார்.

பெரியப்பா முகம் சிவந்துவிட்டது. "இதென்ன வழக்கமுங்க? எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கேட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

வீடியோக்காரர் விளக்கை என் முகத்தில் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "எனக்கும் தெரியாதுங்க. டீச்சர் இப்பத்தான் சொல்றாங்க."

வேணி டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பெரியப்பாவிடம் திரும்பி, "ஆமாங்க, நாந்தான் சொல்ல மறந்துபோட்டேன். தப்பு என்னுதுங்க. ஆனா எறங்கித்தான் ஆகோணும்" என்றார். பொம்பளை கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் இப்படித்தான் என்று பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதையும் டீச்சர் வாங்கிக்கொண்டார். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை நடந்தார். கூட்டம் கீழே சேர்ந்த பின், டீச்சர் கட்டையை எடுத்துவிட்டு, முதல் கியரில், காலி வண்டியை நடக்கிற வேகத்தில் இறக்கினார்.

அன்று எந்த அசம்பாவிதமும் இல்லை. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? மண்டபத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாப்பிடாமல் போனார். வீடியோ கேசட்டில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போகிற முதல் நாள், எப்போதும் போல எட்டு மணி தாண்டி எங்கள் தெருமுனையில் கார் வந்து நின்றதாம். நான் அதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. மூன்று நாள் வந்து நின்றார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான்காம் நாள் வரவில்லை. ஆசிரியர் அறையில் அந்தக் கதை பரவியபோதும் அவர் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒருநாள் மழையில், பஸ் ஸ்டாப்பில் நின்ற என் முன்னால் காரை நிறுத்தி உள்ளிருந்தே கதவைத் திறந்துவிட்டார். "வேலை இருக்குதுங்க டீச்சர், நான் அப்பறம் வந்துக்கறேன்" என்றேன். "சரி அம்மணி, வாரேன்" என்று கதவைச் சாத்தினார். கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டிவிட்டுப் போனார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டதை அவர் வீட்டில்தான் கேள்விப்பட்டேன். ஒரு சாயங்காலம் எதிரே வந்த சைக்கிள் கண்ணுக்குப் புலப்படச் சற்றுத் தாமதமானதாம். யாரும் சொல்லாமலே, மறுநாள் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, வண்டியை நான்கு கட்டைமேல் ஏற்றி வைத்துவிட்டாராம். "எங் கண்ணை இனி நம்பறதுக்கில்லை" என்றாராம். தன்னைப் பற்றிக்கூட அவரால் அவ்வளவு சுலபமாக உண்மை சொல்ல முடிந்தது. எனக்காக மட்டும் பொய் சொன்னார்.

டீச்சர், ஒரு தடவை உங்கள் வீட்டுப் படி ஏறி வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இரண்டே தெரு. கல்யாணத்துக்குப் பின் வந்த ஐந்து வருஷத்தில் அந்த இரண்டு தெருவை என்னால் நடக்க முடியவில்லை.

இதை அனுப்புவதற்கு முன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா நான் நடந்தே வந்திருப்பனுங்களே அத்தை. அம்பது அடிதானுங்களே" என்றார்.

வேணி டீச்சருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. எனக்காக அவர் ஏற்றுக்கொண்ட பழி ஒன்றுதான் இருக்கிறது. அதை இத்தனை காலம் அவர் பேரிலேயே விட்டுவைத்திருந்தேன். அவரை அறிந்த உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி அந்தக் கதையைச் சொல்ல நேர்ந்தால், டீச்சர் பதினைந்து நாள் முன்பே சொல்லியிருந்தார், கோகிலாதான் மறைத்துவிட்டாள் என்று சொல்லுங்கள்.