கிணற்றை விட்டு எழுதச் சொன்னவர்

ஜூஜுவாடி டீக்கடைதான் அந்தத் தரகருக்கு ஆபீஸ். நிலத்துக்காரர், பில்டர், பேங்க் மூன்றையும் ஒரே நூலில் கோத்துவிடுவார். வெளுத்த சட்டை, பையில் மூன்று பேனா. எந்த நிலத்தை அடமானம் எழுதினாலும் கிணற்றையும் அதற்குப் போகும் வழியையும் ஒதுக்கிவைக்கச் சொல்வார்.

பேரிகை ஊரில் இருந்த என் நிலத்தில் குடோன் கட்டக் கடன் பேசியபோதும் சொன்னார். "கிணத்த வெளிய வைங்க சார். லோன் கொஞ்சம் கம்மியா வரும், அவ்ளோதான்."

"வெச்சி? தவளை வளக்கறதா?" என்றேன்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா, உங்களுதுன்னு போயி நிக்க ஒரு எடம் வேணுமில்ல."

நான் கேட்கவில்லை, முழு நிலத்தையும் எழுதிக்கொடுத்தேன். பில்டர் பாதியில் போய்விட்டார், தவணை நின்றதும் பேங்க் கேட்டைப் பூட்டிவிட்டது. மழைக்குப் பிறகு தகர வேலிக்கு வெளியே நின்றால் தவளைச் சத்தம் கேட்கிறது. அவரும் எங்கோ ஒரு வேலிக்கு வெளியே இப்படி நின்றவர்தானோ? அன்று கேட்கத் தோன்றவில்லை.