பாய் விரித்து அளந்த லென்ஸ்

போட்டோ எடுப்பது சுலபம். எடுக்க வந்தவரிடம் "இது வேண்டாம், அது போதும்" என்று சொல்லி நம்பவைப்பதுதான் எங்கள் தொழில். கடை வைத்து, கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் புரியும்.

காரைக்காலில் எங்கள் ஸ்டூடியோவில் ஆண்களை என் கணவர் ஆரோக்கியம் படம் எடுப்பார், பெண்களை நான். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் பாஸ்போர்ட் படத்துக்குக்கூட ஆண் போட்டோகிராபர் முன்னால் உட்கார மாட்டார்கள் என்பதால் எனக்குத்தான் கூட்டம் அதிகம். இதில் ஆரோக்கியத்துக்கு உள்ளூர ஒரு புகைச்சல் உண்டு. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பாரிசிலோ சிங்கப்பூரிலோ சொந்தக்காரர்கள். புறப்படுகிற ஒவ்வொருவரும் எங்களிடம் வந்து, எந்த லென்ஸ் கொண்டுபோகலாம் என்று கேட்பார்கள். தெற்கே வேளாங்கண்ணிக்கு அப்பால் போகாத நான் உலகத்துக்கே லென்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆணியும் மூக்கும்

முசே அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பாரிசில் இருக்கும் மகனைப் பார்க்க மனைவியோடு கிளம்பினார். கிளம்பும்போது முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். "முசே, இது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற லென்ஸ். மகன் வீட்டு ஹாலில் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்து எடுக்க இது உதவாது" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தூரதேசம் போறவனுக்குத் தூர லென்ஸ்தானேம்மா?" என்றார்.

இரண்டு மாதம் கழித்து பிலிம் கழுவக் கொண்டுவந்தார். ஈபிள் கோபுரத்தின் அடியிலேயே நின்று எடுத்திருக்கிறார். ஒரு இரும்புச் சட்டமும் அதில் வரிசையாக ஆணிகளும் விழுந்திருந்தன. அடுத்ததில் அவர் மனைவியின் மூக்கு, மூக்குத்தியோடு. அதற்கடுத்ததில் மகன் வீட்டுக் கதவின் கைப்பிடி. ஆரோக்கியம் சிரிப்பதற்காகவே டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முசே அந்துவான் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"கோபுரம் பெருசுதான்னு எல்லாரும் சொல்வாங்கம்மா. இரும்பு நல்ல இரும்புன்னு என் படத்தைப் பார்த்தாத்தானே தெரியும்?"

இத்தாவில் வந்த உத்தரவு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஹாஜரா உம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தது. எங்களிடம் பல வருஷமாகப் படம் எடுக்கிற குடும்பம். அவர் கணவர் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் மனைவி வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்கவேண்டும். அதை இத்தா என்பார்கள். நான் போனபோது உள்ளறையில் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். மகள் சுலைகாவுக்குச் சிங்கப்பூரில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று அங்கேயே வைத்திருந்தார்கள். "அவங்க வாப்பா வச்ச தேதி. மாத்த எனக்கு மனசு வரல்லை" என்றார். அவருடைய தம்பி கமாலுத்தீன் சிங்கப்பூரில் கடை வைத்திருப்பவர். மச்சானின் மவுத்துக்கு, அதாவது சாவுக்கு, வந்திருந்தார், சுலைகாவை அவரே கப்பலில் கூட்டிப்போகிறார். தாய் மட்டும் போகமுடியாது.

பெண்கள் கூடும் அறைக்குள் அங்கே எந்த ஆண் போட்டோகிராபரையும் விடமாட்டார்கள். அதனால் நான் போகவேண்டும். டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு, ஒரு புது லென்ஸும் சிங்கப்பூரில் வாங்கித்தருகிறார்கள். எந்த லென்ஸ் என்று நான்தான் சொல்லவேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொண்ணு முகத்தை நன்றாகக் கிட்டத்தில் எடுத்துவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஹாஜரா உம்மா தலையை ஆட்டி மறுத்தார்.

"முகம் எனக்குத் தெரியும் ஸ்டூடியோக்காரம்மா, பெத்தவ நான். அவளைச் சுத்தி யாரு யாரு நிக்கிறாங்க, எம்புள்ள தனியா இல்லையே, அதைத்தான் நான் பார்க்கணும்."

ஊர் சொன்ன யோசனை

நான் சிங்கப்பூர் போகிறேன் என்பது ஒரே நாளில் தருமபுரம்வரை தெரிந்துவிட்டது. அத்தனை வருஷமாக நான் ஊருக்குச் சொன்ன யோசனைக்கு ஊர் வட்டியோடு பழிவாங்கியது. முசே அந்துவான் தன் முழங்கை லென்ஸைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, "எடுத்துட்டுப் போங்கம்மா, ராசியான லென்ஸ்" என்றார். கிட்டத்தில் நின்றாலும் நிறையப் பேரை அடக்குகிற அகல லென்ஸ்தான் என் மனசில் ஓடியது. ஆனால் ஆரோக்கியமும் அவர் பக்கம்தான். "அகல லென்ஸ் வாங்கினா நம்ம ஊர்ல கோயில் தேரைத் தவிர எதுக்கு உதவும்? நீளமா வாங்கு, கௌரவமா இருக்கும்" என்று தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. படம் எடுக்கப்போவது நான், லென்ஸ் மட்டும் ஊர்ப்பொதுவா?

கிளிஞ்சல்மேட்டிலிருந்து படகுக்காரர் ஒருவர் மகளின் படத்தை வாங்க வந்தார். அவரும் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடல் தெரிந்தவர், ஏதாவது புத்தியாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நீளமானதே வாங்குங்கம்மா. கப்பல் போகப் போகக் கரை மறைஞ்சிடும். அப்ப அதை வச்சு நம்ம ஊரைப் பார்த்துக்கலாம்ல?"

பாய் போட்ட பரீட்சை

கமாலுத்தீனிடம் கல்யாண வீட்டு அறை எவ்வளவு பெரிது என்று கேட்டேன். "நல்ல ரூமுதாம்மா. எட்டாம் மாடி, காத்து பிச்சுக்கும்" என்றார். காற்றை வைத்து நான் என்ன செய்ய? கேள்வியை மாற்றிப் போட்டேன். "விருந்தாளி வந்தா அந்த ரூம்ல எத்தனை பாய் விரிப்பீங்க?" உடனே பதில் வந்தது. "மூணு பாய். மூணாவதை விரிச்சிட்டா கதவைத் திறக்க முடியாது." நம் ஆட்களுக்கு அடிக்கணக்கு சொல்லத் தெரியாமல் போகலாம், பாய்க்கணக்கு தப்பாது.

ஸ்டூடியோவில் மூன்று பாயை நெருக்கி விரித்தேன். தலையில் துண்டைப் போட்டு ஆரோக்கியத்தைக் கல்யாணப் பெண்ணாக நடுவில் உட்காரவைத்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்திருந்த பெண்களைச் சுற்றி நிறுத்தினேன். அவர்களுக்கும் பொழுது போனது. எங்களிடம் இருந்த சாதாரண லென்ஸில் எல்லோரும் அடங்கவேண்டுமே என்று பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். பாயைத் தாண்டினேன், கவுண்டரைத் தாண்டினேன், வாசல்படியில் இறங்கித் தெருவில் நின்றபோதுதான் கடைசி ஆளின் தோள் படத்துக்குள் வந்தது. சாதாரண லென்ஸுக்கே தெரு வேண்டுமென்றால் நீள லென்ஸுக்கு ஊர் எல்லை வேண்டும். நான் கையால் தொட்டே பார்த்திராத அகல லென்ஸ்தான் என்று அந்த நிமிஷமே முடிவுசெய்தேன். துண்டுக்குள்ளிருந்து ஆரோக்கியத்தின் குரல் கேட்டது.

"செசிலி, நீ எட்டாம் மாடியிலேருந்து கீழ விழுந்துட்டே."

ஓரத்து நாத்தனார்

சிங்கப்பூர்க் கடையில் அந்த லென்ஸை மேஜைமேல் வைத்ததும் கமாலுத்தீனின் முகம் விழுந்துவிட்டது. வெற்றிலை டப்பா அளவுகூட இல்லை. பக்கத்தில் நீள லென்ஸ் ஒன்று ராஜா மாதிரி நின்றது. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். இதற்குத்தான் என்றேன்.

கல்யாணத்தன்று நிக்காஹ் கீழே நடந்தது. அங்கே ஆண்களை எடுக்க வந்த போட்டோகிராபர் கழுத்தில் நீள லென்ஸ் தொங்கியது. மேலே எட்டாம் மாடியில் பெண்கள் கூட்டம். நான் கதவோடு கதவாக முதுகை ஒட்டிக்கொண்டு கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நடுவில் சுலைகா, அவள் தோளைத் தொட்டுக்கொண்டு மாமியார், சுற்றிலும் அத்தனை பெண்களும், மடியில் இருந்த குழந்தைகளும், ஓரத்தில் கண்ணாடி வைத்த பீரோவும்கூட அடங்கிவிட்டன. எனக்கு "மாதாவே" என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அந்த லென்ஸ் ஓரத்தில் இருப்பவர்களைக் கொஞ்சம் அகலப்படுத்தும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் கனத்த சரீரங்களை நடுவிலும் ஒல்லியானவர்களை ஓரத்திலும் நிறுத்தினேன். பெண்களைப் படமெடுத்துப் பிழைக்கிறவளுக்கு இது தெரியாவிட்டால் உயிர் மிஞ்சாது. கீழே இருந்த போட்டோகிராபரும் பிறகு என்னிடம் வந்து லென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊர் திரும்புவதற்குள் அங்கேயே கழுவிப் பார்த்தோம். மாப்பிள்ளையின் தங்கை ஊசிபோல் இருப்பாள், ஓரத்தில் நின்றவள். தன் படத்தைக் கையில் வாங்கினாள்.

"எங்க உம்மாட்ட காட்டுங்க. நான் சாப்பிடறதே இல்லைன்னு தினம் திட்டுறாங்க!"

பீரோக் கண்ணாடி

ஊர் திரும்பிப் படத்தைப் பெரிதாகப் போட்டபோதுதான் கவனித்தேன். பீரோக் கண்ணாடியில் நான் இருந்தேன், கண்ணில் கேமராவோடு, வாயைக் கோணிக்கொண்டு. படம் எடுக்கிறவரே படத்தில் விழுவது எங்கள் தொழிலில் மானக்கேடு. "ஓரத்தை வெட்டிடு" என்றார் ஆரோக்கியம். வெட்டினால் ஓரத்து நாத்தனாரும் போய்விடுவாள். யார் யார் நின்றார்கள் என்று பார்க்கத்தானே அந்தத் தாய் கேட்டார்? வெட்டாமலே எடுத்துப்போனேன்.

இத்தா இன்னும் முடியவில்லை. ஹாஜரா உம்மா ஜன்னலோரமாக வந்து உட்கார்ந்து, படத்தில் ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக் கேட்டார். இது மாமியார், இது பெரிய நாத்தனார், இது கமாலுத்தீன் சம்சாரம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இளகிக்கொண்டே வந்தது. தோளில் இருந்த மாமியாரின் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல் நகர்ந்து நகர்ந்து பீரோக் கண்ணாடியில் வந்து நின்றது. அது தவறி விழுந்துவிட்டது, வேண்டுமானால் வெட்டித் தருகிறேன் என்றேன். ஹாஜரா உம்மா படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதார், நானும் அழுதேன். ஆனால் அப்படி ஒரு வெற்றியை அதற்கு முன்னும் பின்னும் நான் அடைந்ததில்லை.

"வெட்டாதீங்க. எம்புள்ளைய நேருக்கு நேரா நின்னு பார்க்க என் இடத்துல ஒருத்தி இருந்திருக்கா, அல்ஹம்துலில்லாஹ்."

அன்றிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் யார் வந்து லென்ஸ் கேட்டாலும், எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை, அங்கே எத்தனை பாய் விரிக்கலாம் என்றுதான் கேட்கிறேன்.