தொண்ணூற்று நான்கு கிராம் சங்கரா

வினோதினி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது கரண்டியைத்தான். குழம்புக் கரண்டி, சோற்றுக் கரண்டி, எண்ணெய் ஊற்றும் குட்டிக் கரண்டி என்று எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி அளந்து நோட்டில் குறித்துக்கொள்வார். "ஒரு கரண்டி சாம்பார் ஊத்திக்கிட்டேன்னு சொல்றாங்க. எந்தக் கரண்டின்னு தெரியாம நான் என்னத்த எழுதுறது?" என்பார். தம்பி இளவரசுவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் கரண்டியைக் கேட்டு, பெண் வீட்டாரைக் கலங்கடித்த புண்ணியவதி அவர். நல்லவேளை, கல்யாணம் நின்றுபோகவில்லை.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைவித்த குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டு மனையியல் படிக்கிறேன் என்று அவர் சிதம்பரத்துக்குப் புறப்பட்டபோது, "சோறாக்கக் கத்துக்க சிதம்பரம் வரைக்கும் போவணுமா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா பூவராகன் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். படிப்பு, முனைவர் பட்டம், ஆய்வு மையத்தில் வேலை என்று சிதம்பரத்திலேயே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. வினோதினிக்கு இன்றைக்கும் சமையல் சுமார்தான்.

ஆனால் அடுத்த வீட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குடிகாடு கிராமத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு, மாதக்கணக்கில் சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. எல்லோரும் மாத்திரையைக் குறை சொன்னார்கள். வினோதினி மூன்று வாரம் விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் உட்கார்ந்திருந்து, அவர்கள் அதை டீயோடு சேர்த்து விழுங்குவதைப் பார்த்தார். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரையை மத்தியானத்துக்கு மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். மேடை போட்டுக் கேழ்வரகின் பெருமை பேசக் கூப்பிட்டால் வரமாட்டார். சாப்பிடுகிறவளைக் கேட்காமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

அப்பேர்ப்பட்டவரையே ஒரு மீன் ஏமாற்றிவிட்டது.

முதுநகரைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். மீன்பிடித் தடைக்காலத்தில் அங்கே வீட்டுப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லி ஓர் அறக்கட்டளை கேட்டிருந்தது. குறை இருந்தால் தடைக்காலம் முடியும்வரை அங்குள்ள எல்லாப் பெண்களுக்கும் பருப்பும் முட்டையும் கொடுப்பார்கள். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். வினோதினி ஒரே தெருவில் ஒன்பது வீட்டைத் தேர்ந்தெடுத்து, தராசைத் தூக்கிக்கொண்டு மத்தியான வேளையில் வரிசையாக நுழைந்தார். தட்டில் வைத்த சோறு, குழம்பு, வறுவல் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதினார். எழுதி முடித்ததும் வாசலுக்கு வந்துவிடுவார். ஒருத்தி சாப்பிடும்போது வாயைப் பார்த்துக்கொண்டு உட்காருவது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவர்.

ஒன்பது தட்டிலும் மீன் இருந்தது. வினோதினிக்கு ஒரே மகிழ்ச்சி. கடைசி வீடு ஜெயராணியுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர், கூடையில் மீன் விற்றே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். "மணி மூணாவுது மேடம், வெறும் வயித்தோட போகக்கூடாது" என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, சோறும் வறுத்த சங்கராவும் போட்டார். "உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, "உள்ள இன்னொண்ணு இருக்கு, நீங்க சாப்புடுங்க" என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வினோதினி, மீன் ஆறிப்போயிருந்ததைப் பொருட்படுத்தாமல் முள் மட்டும் மிஞ்சும்படி சாப்பிட்டார். தடைக்காலத்திலும் புரதத்துக்குக் குறைவில்லை என்று அறக்கட்டளைக்குச் சுருக்கமாகக் கடிதமும் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து அட்டவணை போட உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. மீன், 94 கிராம். அடுத்த வீடு, 94. அதற்கடுத்த வீடு, 94. ஒன்பது வீட்டிலும் 94. தராசு கெட்டுவிட்டதோ என்று எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. ஒரே சட்டியில் வறுத்த இரண்டு மீன்கூட ஒரே எடை இருக்காது. வால் நுனி உடைந்த ஒரு சங்கரா நினைவுக்கு வந்தது. மூன்றாவது வீட்டிலும் அதைப் பார்த்திருந்தார், ஆறாவது வீட்டிலும் பார்த்திருந்தார். அப்போது ஏன் உறைக்கவில்லை? அவருக்கு அவர்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் ஜெயராணி வீட்டில் போய் உட்கார்ந்தார். மீனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்துத் தராசில் வைத்தார்.

"அக்கா, இன்னிக்கி நீங்க எழுதுங்க. நான் சொல்றேன்."

ஜெயராணி பேனாவை வாங்கிக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். காலையில் பிசைந்த தயிர்சாதம், ஓரத்தில் ஊறுகாய்.

"காலையில என்னா சாப்ட்டீங்க?"

"டீ."

"நேத்து ராத்திரி?"

"எல்லாரும் சாப்ட்டு மிச்சம் ரெண்டு இட்லி இருந்துச்சு."

"வேற?"

"அவ்ளோதான் அக்கா."

ஜெயராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்னாம்மா இது! ஊருக்கெல்லாம் சத்து சொல்ற நீயே இப்புடிச் சாப்புடுற?" 'மேடம்' என்று கூப்பிட்டது எங்கோ போய்விட்டது. "எங்க கதையும் இதேதான். மாமாவுக்கும் புள்ளைங்களுக்கும் போட்டுட்டு, ரசமோ கஞ்சித் தண்ணியோ, இருக்கிறது எங்களுக்கு. நீ வர்றன்னு சொன்னதும் தெருவே பதறிப்போச்சு. மீன்கார ஊட்டுத் தட்டுல மீனு இல்லன்னு எழுதிட்டுப் போனா மானம் என்னாவறது? நாந்தான் ஒரே ஒரு சங்கரா வறுத்தேன். நீ வாசல்ல உக்காந்திருக்குறப்ப, அது கொல்லப்பக்கமா அடுத்த ஊட்டுக்குப் போயிடும்."

வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. தராசைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வீடு ஏறியவருக்குத் தெரியாமல், முந்தானைக்குள் ஒரு மீன் ஒன்பது வீடு ஏறியிருக்கிறது.

"சரி, கடைசில அத யாரு சாப்ட்டது?"

ஜெயராணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீதாம்மா."

"உள்ள இன்னொண்ணு இருக்குன்னீங்களே?"

"ஏது இன்னொண்ணு? ஊட்டுக்கு வந்தவள பசியோட அனுப்புவாங்களா?"

வினோதினி டிபன் பாக்ஸை மூடி வைத்தார். பிறகு, போட்ட கடிதம் தப்பு, அதைத் திரும்ப வாங்கப் போகிறேன், நடந்ததை எழுதலாமா என்று கேட்டார். ஜெயராணி மற்ற எட்டு வீட்டையும் கூப்பிட்டு யோசனை கேட்டுவிட்டு வந்து, "எங்க பேரப் போடாத. மீனு பேர வேணும்னா போட்டுக்க" என்றார். அன்று ஒன்பது பேரும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் புரதம், முன்பு எழுதியதில் பாதிகூடத் தேறவில்லை.

மையத்தில் உடன் வேலை பார்க்கும் பாலகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். "கணக்குத் தப்புன்னு மட்டும் எழுதுங்க மேடம். மீன் ஊர்வலம் போன கதையெல்லாம் எதுக்கு? நம்ம மானம் போயிடும்."

"அவுங்க மானத்தக் காப்பாத்தத்தான் அந்த மீனு அவ்ளோ தூரம் சுத்துச்சு. நம்ம மானம் கொஞ்சம் போனாப் பரவால்ல பாலகுமார்."

இத்தனை வருடம் சேர்த்த பேரை ஒரு கடிதத்தில் பணயம் வைப்பது லேசான காரியமில்லை. தன் தப்பைத் தானே பத்திரிகை அடிக்கிற மாதிரி ஊருக்குச் சொல்லும் ஆய்வாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வினோதினி அதைச் செய்தார். அறக்கட்டளை இரண்டு வாரம் மௌனமாக இருந்தது. பிறகு பருப்பும் முட்டையும் அனுப்பியது. தடைக்காலம் முடிய அப்போது இன்னும் ஒரு மாதம் பாக்கி.

திருத்திய அறிக்கை இப்போதும் மையத்து அலமாரியில் இருக்கிறது. அட்டவணையில் ஒன்பது வீட்டுக்கு ஒன்பது வரி. வீட்டு எண்ணுக்கு நேரே மீன் என்ற கட்டத்தில் ஒன்பதிலும் பூஜ்ஜியம். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே வினோதினி சேர்த்த பத்தாவது வரி: சங்கரா, 94 கிராம். சாப்பிட்டவர், ஆய்வாளர்.